செயலாளர் வளர்த்த அரைக்கீரை

எங்கள் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போடுவதென்று முடிவானதும், முதல் வேலையாக டீசர்ட் அடித்தோம். திருப்பூரில் எந்த நல்ல காரியமும் அப்படித்தான் தொடங்கும். ரத்த தானமா, டீசர்ட். குளம் தூர் வாருகிறார்களா, டீசர்ட். நாங்கள் மட்டும் என்ன குறைச்சலா? என்ன விதை வாங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பச்சை என்பதற்கு மூன்று கூட்டம் நடந்தது. பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பச்சை ஒரு நிறமாக இருக்காது. பாசிப் பச்சை, கிளிப் பச்சை, வேப்பிலைப் பச்சை என்று ஐந்து துண்டுத் துணிகள் சாயப் பட்டறையிலிருந்து சாம்பிளுக்கு வந்தன. சூரிய வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப்லைட்டில் ஒரு தடவை பார்த்து ஒப்புதல் கொடுத்தோம். முதுகில் 'நம் காய் நம் கையில்' என்று பிரிண்ட் போட்டோம். அந்த வாசகம் என்னுடையது. அப்போது அதற்காக ரொம்பப் பெருமைப்பட்டேன்.

நான் முப்பது வருடம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டு வியாபாரிக்குக் காலையில் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில், சாயங்காலம் நன்றி சொல்லி ஒரு மெயில் அனுப்புவதுதான் என் வாழ்நாள் தொழில். அந்தத் தகுதியில் என்னைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக்கி விட்டார்கள். தலைவர் பெரிய யூனிட் வைத்திருப்பவர். நெருப்பெரிச்சல் போகிற வழியில் எங்கள் குடியிருப்பு இருக்கும் நிலமே ஒரு காலத்தில் அவர் குடும்பத்துத் தோட்டம்தான். அதை மனை போட்டு விற்றது அவர்தான். விற்ற இடத்திலேயே வந்து நின்று, "விவசாயம் அழிஞ்சு போச்சுங்க" என்று கண் கலங்குகிறவரும் அவர்தான்.

மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று நடுவில் கிடந்தது. பூங்கா வரவில்லை, கட்டிங் வேஸ்ட் வந்தது. சுற்று வட்டாரக் கம்பெனிகளின் துண்டுத் துணியும் நூல் கண்டின் அட்டைக் கூம்புகளும் மலையாகக் குவிந்தன. அதன் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைவருக்குச் சொந்தமான லைன் வீடுகள். ஒரே வரிசையில் பன்னிரண்டு அறைகள், பொதுக் கழிப்பறை இரண்டு. தெற்குச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் பத்து அறையிலும், ஒடிசாக்காரர்கள் இரண்டு அறையிலும் இருந்தார்கள். எல்லாரும் பனியன் கம்பெனி வேலை.

புதுக் காய்கறி இந்தப் பக்கம் கிடைக்காது என்பது உண்மை. உழவர் சந்தை விடிகாலையில் கூடி, நாங்கள் பல் விளக்கும்போது கலைந்துவிடும். எங்களிடம் கார் இருந்ததால் எப்படியோ சமாளித்தோம். லைன் வீட்டுக்காரர்களுக்கு எட்டரைக்கு ஷிப்ட். இரவு எட்டுக்கு மேல் திரும்பி வரும்போது முக்குக் கடையில் மூன்று நாள் தக்காளியும், வளைத்தால் ஒடியாத வெண்டைக்காயும் இருக்கும். பாதி நாள் முட்டையோ புரோட்டாவோதான். இதையெல்லாம் உருக்கமாக எழுதித்தான் மாநகராட்சியில் இடத்துக்கு அனுமதி வாங்கினேன். 'உழைக்கும் மக்களுக்குப் புதிய காய்கறி' என்ற வரி அந்த மனுவில் இரண்டு இடத்தில் வருகிறது. அனுமதி கைக்கு வந்ததும் நானே எழுதிய விதிமுறையில் முதல் விதி இது: சொந்த வீடு உள்ளவர்களே உறுப்பினர்கள்.

"வாடகைக்காரங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க. அவிங்களுக்குப் பாத்தி குடுத்தா யாருங்க பொறுப்பு?" என்று தலைவர் கேட்டார். எல்லாரும் தலையாட்டினோம். எனக்கு அப்போது உறுத்தவில்லை. உறுத்தியது என்று எழுத ஆசைதான்.

தொடக்க விழாவில் நாற்பது பேர் பச்சை டீசர்ட்டில் நின்றோம். ஒவ்வொருவராக மைக் பிடித்து, "நானும் விவசாயி மகன்தானுங்க" என்றார்கள். நானும் சொன்னேன். நாற்பது விவசாயி மகன்களில் மம்மட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது மறுநாள் காலை தெரிந்துவிட்டது. என் பாத்தியில் கால் அடி தோண்டியதும் எலாஸ்டிக் வந்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக், கருப்பு, அரை அங்குலம், எந்தக் கம்பெனி ஆர்டர் என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. மண்ணைப் பற்றித்தான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பத்து நிமிடத்தில் கையில் கொப்புளம். என் மனைவி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோ எடுத்தாச்சில்லீங்க? வாங்க ஊட்டுக்கு, இட்லி ஆறுது" என்றாள்.

தாராபுரம் பக்கமிருந்து இரண்டு லோடு செம்மண் வந்து இறங்கியது. அதைப் பரப்பி, யூடியூப் பார்த்து விதை தூவினோம். போர் தண்ணீர் ஊற்றினோம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே முகம் கோணும். அதை ஊற்றினால் செடி என்ன செய்யும்? முளைத்தது மஞ்சளாகி, ஓரம் கருகி, தலை சாய்ந்தது. மாநகராட்சி நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தோட்டத்துக்கென்று வாங்கியிருந்தோம். ஆனால் அது வாரம் ஒரு முறை, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் செயலாளர் என்ற முறையில் நான் வைத்திருந்தேன்.

அந்தச் சாவிக்காகத்தான் அவர் என்னிடம் வந்தார். லைன் வீட்டில் நாலாவது அறை. விளாத்திகுளம் பக்கத்துப் பெண்மணி. ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டையும் கறையும் பார்த்து ஒதுக்குகிற வேலை. நாற்பது வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கருகிக் கிடந்த என் பாத்தியை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கம்பெனி துணியைப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு உப்புத் தண்ணிய ஊத்துதீயளே, எப்படி வரும்?"

"வேற தண்ணிக்கு எங்கம்மிணி போறது?"

"குழாச் சாவிய எங்கிட்டக் குடுங்க. தண்ணி வார நேரம் எனக்குத் தெரியும். டிரம்முல புடிச்சு வச்சிருதேன். எனக்கு ரெண்டு கொடம் நல்ல தண்ணி எடுத்துக்கிடுதேன். ஒங்க பாத்தியப் பாத்துக்கிடுதேன்."

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஏழைக்கு இரண்டு குடம் குடிதண்ணீருக்கு வழி செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். வாரத்தில் ஆறு நாள், வேலைக்குப் போகும் முன் ஒரு பெண் என் நிலத்தில் உழைக்கப் போகிறார், கூலி அவருக்கே உரிமையான தண்ணீர் என்பது என் புத்தியில் ஏறவில்லை. இதைப் போன்ற ஒரு ஆர்டர் என் கம்பெனிக்கு வந்திருந்தால் முதலாளி எனக்கு மாலை போட்டிருப்பார்.

அவர் முதலில் மண்ணிலிருந்து எலாஸ்டிக்கையும் நைலான் நூலையும் ஒன்று விடாமல் பொறுக்கினார். பிறகு எங்கிருந்தோ ஆட்டுப் புழுக்கை கொண்டு வந்தார். அரிசி கழுவிய தண்ணீரைப் பன்னிரண்டு அறையிலும் சேர்த்து வாங்கி ஊற்றினார். ஊரிலிருந்து யாரோ கொடுத்துவிட்ட விதையைத் தூவினார். ஒன்றரை மாதத்தில் என் பாத்தியில் கீரை முழங்கால் உயரம் நின்றது. ஓரத்தில் கத்தரிச் செடி நாலு, ஊதாப் பூவோடு. வாரம் இரண்டு கட்டுக் கீரை எங்கள் வீட்டுக் கதவில் தொங்கும். தனக்கு எடுத்துக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. "எடுத்துக்கங்க" என்றும் சொல்லவில்லை.

குடியிருப்பில் என் மதிப்பு ஏறியது. காலை நடைக்குப் போகிறவர்கள் என் பாத்தி முன் நின்று, "கைராசிங்க உங்களுக்கு" என்றார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன். இந்த அடக்கத்தை நான் கம்பெனியில் பழகியிருந்தேன். தையல்காரர் தைத்த துணிக்கு வெளிநாட்டுக்காரர் என்னைப் பாராட்டும்போது சிரிக்கிற சிரிப்பு.

ஆண்டு விழாவுக்குச் சிறந்த பாத்திப் போட்டி வைத்தோம். நடுவராக, விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தலைவர் அழைத்து வந்திருந்தார். பொல்லாத மனிதர். மைக், மாலை எதையும் சட்டை செய்யாமல் நேராகப் பாத்திக்குள் இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் லைன் வீட்டுக்காரர்களும் வேலிக்கு வெளியே வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"நல்லாருக்குதுங்க. என்ன கீரைங்க இது?"

"சிறுகீரைங்க" என்றேன். கீரை பச்சையாக இருக்கும் என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது.

"சிறுகீரைங்களா? எத்தனை தடவை அறுத்தீங்க?"

"அதுங்க... வாரா வாரம் அறுக்கறோமுங்க."

நடுவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிறுகீரைய வேரோட பிடுங்கி எடுத்துருவாங்க. ஒருக்கா எடுத்தா முடிஞ்சுதுங்க. நீங்க எப்படி வாரா வாரம் அறுக்கறீங்க?"

நாற்பது பச்சை டீசர்ட்டுகள் என்னைப் பார்த்தன. அப்போது வேலிக்கு வெளியிலிருந்து நாலாவது அறைக்காரர் குரல் வந்தது.

"அது அரைக்கீரை சார். அண்ணாச்சி வெளையாட்டுக்குச் சொல்லுதாக. நாலு தடவ அறுத்தாச்சு. அறுக்கும்போது ரெண்டு வெரக்கடை தண்டு விட்டு அறுக்கணும்லா, அப்பதான் தழையும்."

நடுவர் அவர் பக்கம் திரும்பி, "பூச்சிக்கு என்னம்மா அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"இஞ்சியும் பூண்டும் பச்ச மொளகாயும் அரைச்சுக் கரைச்சுத் தெளிச்சேன்."

தெளித்தேன் என்றுதான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. உடனே தலைவர் மைக்கில், "முதல் பரிசு நம்ம செயலாளருக்கு!" என்று அறிவித்தார். கைதட்டல். முதலில் மாலையைச் சட்டை செய்யாத நடுவரும் இப்போது அதற்குக் கழுத்தை நீட்டிவிட்டார். பரிசாகத் திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடத்தில் செதுக்கிய ஒரு சிறிய கல் நந்தி. கீரைக்கும் நந்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நான் வாங்கினேன், போட்டோவுக்கு நின்றேன். வேலிக்கு வெளியே அவரும் கைதட்டினார். அது எனக்கு இன்றுவரை பிடிக்காத கைதட்டல்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எனக்குன்னு ஒரு பாத்தி குடுத்தா நல்லாருக்கும். ஆறாம் நம்பர் பாத்தி சும்மாதான கெடக்கு."

"சங்கத்து ரூல் ஒண்ணு இருக்குதும்மிணி. சொந்த ஊடு இருந்தாத்தான்..."

"யாரு போட்ட ரூலு?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி, "இவருதானுங்க எழுதுனாரு. கையெழுத்துகூட நெம்ப அழகா இருக்கும்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. "அப்பச் சரி அண்ணாச்சி" என்று இடுப்பிலிருந்து குழாய்ச் சாவியை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தோட்டத்துப் பக்கம் வரவில்லை.

நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தண்ணீர் வந்த நேரம் தூங்கினேன். விழித்திருந்த நேரம் தண்ணீர் வரவில்லை. போர் தண்ணீரை ஊற்றினேன். கீரையை அடியோடு அறுத்தேன். கத்தரியில் வெள்ளைப்பூச்சி வந்து அப்பியது. யூடியூப்பில் சொன்னபடி எதையோ கரைத்து அடித்தேன். பூச்சி இருந்தது, செடி போய்விட்டது. இரண்டு வாரத்தில் முதல் பரிசுப் பாத்தியில் காய்ந்த குச்சிகள் நின்றன. நடைக்கு வருகிறவர்கள் இப்போதும் என் பாத்தி முன் நின்றார்கள். கைராசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

"முக்குக் கடைல கீரை கேட்டேனுங்க. கட்டைப் பிரிச்சா உள்ள அழுகல்" என்று மனைவி முறத்தை என் முன்னால் வைத்தாள். "நந்தியக் கடைஞ்சு தரட்டுங்களா, சோத்துக்கு?"

அந்த மாதப் பொதுக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த பிறகு சொல்வதற்குப் பெயர் தைரியம் அல்ல. "என் பாத்திய வளர்த்தது நான் இல்லீங்க. லைன் வீட்டுல நாலாவது அறையில இருக்கற அம்மா. நான் தண்ணிகூட ஊத்துனதில்லீங்க" என்றேன்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒருவர் மெதுவாக, "எங்க பாத்திய ஊட்டு வேலைக்கு வர்ற அம்மாதானுங்க பாக்கறாங்க" என்றார். இன்னொருவர் பாத்தியைப் பார்த்தது அவர் கம்பெனி வாட்ச்மேன். பொருளாளர் பாத்தியில் வெண்டை போட்டது கடைசி அறை ஒடிசாக்காரத் தம்பதி. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காய்த்த பாத்தி ஒன்பது. அந்த ஒன்பதிலும் உறுப்பினர் கை பட்டது ஒன்றுகூட இல்லை. உறுப்பினர்கள் உண்மையாகவே உழைத்த பாத்திகள் எல்லாம் செத்துப்போயிருந்தன.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அப்பறம் எதுக்குங்க நாம சங்கம் வெச்சிருக்கறோம்?" என்றார். கேள்வி நியாயமானது.

அன்றே முதல் விதியை அடித்துவிட்டு, லைன் வீட்டுக்காரர்களுக்குப் பாத்தி கொடுப்பதாகத் தீர்மானம் எழுதினேன். கௌரவம் போய்விடக் கூடாதென்று அவர்களுக்கு 'இணை உறுப்பினர்' என்று பெயர் வைத்தோம். நானும் தலைவரும் நேரில் போய்ச் சொன்னோம். பன்னிரண்டு அறைக்காரர்களும் வெளியே வந்து நின்று கேட்டார்கள். பெரிய மனது பண்ணி வந்திருக்கிறோம், கும்பிடுவார்கள் என்று தலைவர் நினைத்திருப்பார்.

நாலாவது அறைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. "குழாச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"செயலாளர்கிட்டத்தானுங்க" என்றார் தலைவர்.

"அப்ப வேண்டாம் அண்ணாச்சி."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். பதவிக் காலத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 'மன்னிச்சுக்கம்மா' என்று சொல்ல வாய் வரை வந்தது. முப்பது வருடம் தினமும் காலையில் மன்னிப்புக் கேட்டவனுக்கு, உண்மையாகக் கேட்க வேண்டிய இடத்தில் வார்த்தை வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆறாம் நம்பர் பாத்தியைச் சுட்டி, அங்கன பந்தல் போட்டா பீர்க்கு நல்லா வரும் என்று ஒடிசாக்காரப் பெண்ணிடம் கையாலும் பாதி ஹிந்தியாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக ஆனது. கூட்டம் கிடையாது, டீசர்ட் கிடையாது. காலை ஆறரைக்கு ஒரு மணி நேரம், ஞாயிறு முழுக்க. அரைக்கீரை, பாலக், கத்தரி, பீர்க்கு, ஒடிசாக்காரர்கள் போட்ட பரங்கி. லைன் வீட்டு அடுப்புகளில் இரவு கீரை மணம் வந்தது. தங்களுக்குப் போக மீந்ததை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலி ஓரம் சாக்கு விரித்து வைத்தார்கள். சங்கத்து உறுப்பினர்கள் கட்டைப் பையோடு வரிசையில் நின்றார்கள். தலைவர் வீட்டம்மா மட்டும் கீரைக் கட்டைத் தூக்கிப் பார்த்து, "கட்டு சின்னதா இருக்குதுங்களே" என்பார். "நாளைக்குப் பெரிசா வளந்துரும், நாளைக்கு வாங்கம்மா" என்று நாலாவது அறை அம்மா சொல்வார்.

போன தைக்குப் பிறகு தலைவர் லைன் வீட்டு வாடகையை ஏற்றப்போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "ஊட்டுக்கு முன்னால தோட்டம் இருக்குதில்லீங்க. வசதி கூடிப் போச்சு" என்றார். சிரிக்காமல் சொன்னார். மனிதர் நெஞ்சில் ஈரமில்லாதவர் அல்ல. விவசாயம் பற்றிப் பேசினால் இப்போதும் கண் கலங்கும்.

பன்னிரண்டு அறைக்காரர்களும் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியாது. பேசியது அந்த அம்மாதான். "ஏத்துறதுன்னா நாங்க எல்லாரும் காலி பண்ணிக்கிடுதோம் அண்ணாச்சி. அக்கட்ட லைன்ல எடம் இருக்கு. தோட்டத்த நீங்க பாத்துக்கிடுங்க." சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் என்பதற்கு 'அக்கட்ட' என்று, அவருக்குத் தெரியாமலே எங்கள் ஊர் வார்த்தை ஒன்று அவர் பேச்சில் வந்து உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன்.

தலைவருக்குச் சர்க்கரை. தினம் கீரை சாப்பிடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏனுங்க, சித்தெ இங்க வாங்க" என்று கூப்பிட்டார். உள்ளே போனவர் ஐந்து நிமிடம் கழித்து வந்து, "இந்த வருசம் பழைய வாடகையே இருக்கட்டுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த வருடம் பார்ப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இப்போதைக்கு ஆறாம் பாத்தியில் பீர்க்கங்கொடி பந்தல் ஏறிவிட்டது. புல் பிடுங்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு, அதுவும் யாராவது பக்கத்தில் இருந்தால். போன வாரம் நான் தனியாகப் பிடுங்கியதில் பாதி கொத்தமல்லி.